இரண்டு லைன் சேர்ந்தால் இரட்டை வேகமா?

கேள்வி: வீட்டில் 100 எம்பிபிஎஸ் வேக இன்டர்நெட் லைன் இரண்டு இருக்கிறது. சேர்த்தால் 200 வரும் என்று சொல்லிக் கடைக்காரர் ஒரு டூயல் வான் ரூட்டர் (இரண்டு லைனை மாட்டும் ரூட்டர்) கொடுத்தார். ஸ்பீடு டெஸ்டில் 180 காட்டுகிறது, ஆனால் துணி வாங்கும் பையருக்கு டிசைன் ஃபைல் அனுப்ப அதே பழைய நேரம்தான் ஆகிறது. ரூட்டர் பழுதா? - திருப்பூர் வாசகர்

பதில்: ரூட்டரில் பழுதில்லை, உங்களிடம் சொன்னதுதான் பொய். இந்தப் பொய்யை விற்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம்.

தோட்டத்தில் இரண்டு போர் இருக்கிறது என்று வையுங்கள். இந்த வாய்க்காலுக்கு இந்த மோட்டார், அடுத்ததற்கு அந்த மோட்டார் என்று பிரித்துவிடுவதுதான் இந்த ரூட்டரின் வேலை. இதற்குப் பெயர் லோடு பேலன்சிங். உங்கள் ஃபைல் ஒற்றை வாய்க்கால், எந்த லைனில் ஏறியதோ அந்த லைனின் வேகத்தைத் தாண்டாது. ஸ்பீடு டெஸ்ட் ஒரே சமயத்தில் பல இணைப்புகளைத் திறக்கிறது, அதனால் இரண்டு லைனும் ஓடிக் கூட்டுத்தொகை வருகிறது, அதைக் காட்டியே விற்கிறார்கள். இரண்டு போர் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் போக வேண்டுமென்றால் நடுவில் ஒரு தொட்டி வேண்டும் இல்லையா? அந்தத் தொட்டி வீட்டுக்குள் இருந்தால் பத்தாது. வெளியே இணையத்தில் ஒரு சர்வர் இருந்து, இரு வழியாக வரும் துண்டுகளைச் சேர்த்து அனுப்ப வேண்டும். அதுதான் பாண்டிங். ஸ்பீடிஃபை போன்ற செயலிகள் சந்தா வாங்கிக்கொண்டு இதைச் செய்கின்றன, அதிலும் முழு 200 கைக்கு வராது.

வீட்டில் நான்கு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்தால் இரண்டு லைனையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபைல்தான் பிரச்சினை என்றால் ஒன்றை நிறுத்திவிட்டு இன்னொன்றைப் பெரிய பிளானுக்கு மாற்றுங்கள், அப்லோடு வேகம், அதாவது நீங்கள் அனுப்பும் வேகம், எவ்வளவு என்று தனியாகக் கேட்டுவிட்டு.

கேள்வி: 200 பிளானில் 94-க்கு மேல் ஏறுவதே இல்லை. இரண்டாவது லைன் வாங்கலாமா? - ஈரோடு

பதில்: வேண்டாம். ஒயரில் போட்டுப் பார்த்தும் 94-லேயே நிற்கிறது என்றால் ரூட்டரில் ஒயர் சொருகும் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், அல்லது கேபிளில் எட்டுக் கம்பிக்கு நாலைத்தான் சேர்த்திருக்கிறார்கள். இதில் நானும் பணம் விட்டிருக்கிறேன். கோவையில் ஒரு கடையில் இரண்டு லைன் ரூட்டர் வாங்கி வந்து, வீட்டில் பெட்டியின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால் எல்லாப் போர்ட்டும் 10/100, அதாவது 100 எம்பிபிஎஸ்தான் உச்சம். இரண்டு லைன் உள்ளே வந்தும் கணினிக்குப் போகும் ஒயரில் 94-தான். கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. இன்னும் மனசு ஆறவில்லை. 10/100/1000 என்று இருக்கிறதா என்று கடையிலேயே படியுங்கள்.

கேள்வி: ஆறு ஆன்டெனா ரூட்டர் வாங்கினால் லைன் வேகம் கூடுமா? - கரூர்

பதில்: கூடாது.

கேள்வி: இரண்டு லைனைச் சேர்த்ததிலிருந்து நெட் பேங்கிங் பாதியில் வெளியே தள்ளுகிறது. - கோபி

பதில்: ஒவ்வொரு லைனுக்கும் இணையத்தில் ஐபி முகவரி என்று தனி எண் உண்டு. ஒரே ஆள் இரண்டு ஐபி முகவரியிலிருந்து வந்தால் வங்கி சந்தேகப்படும். ரூட்டர் அமைப்பில் அந்தக் கணினியை ஒரே லைனோடு கட்டிவிடுங்கள்.

கேள்வி: ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு வாங்கினேன். காற்றடித்துத் தென்னை மட்டை விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகிறது. - பொள்ளாச்சி

பதில்: இரண்டு ஒயரும் ஒரே கம்பத்தில் வருவதை, மாட்டிய அன்றே வாசலில் நின்று அண்ணாந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரே ஆளிடம் இரண்டு கம்பெனிப் பெயரில் வாங்கியிருப்பீர்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைக்கூடவா பார்க்கக் கூடாது? ஒன்றை விட்டுவிட்டு, செல் டவரிலிருந்து வரும் 5ஜி இணைப்பை இரண்டாவதாக வையுங்கள்.

கேள்வி: பேரனை வீடியோவில் பார்க்கத்தான் நெட் போட்டேனுங்க. ஒரு வருசப் பணம் முன்னாடியே கட்டச் சொன்னார்கள், மூணாவது மாசமே லைன் நின்றுபோச்சு. பில் தரவில்லை. அந்தத் தம்பி போனும் எடுப்பதில்லை. - பவானி

பதில்: அம்மா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவே ரசீது, படம் எடுத்து வையுங்கள். முதலில் கம்பெனி வாடிக்கையாளர் மையத்தில் புகார் சொல்லி எண் வாங்குங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லையா, ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும். தொலைத்தொடர்பு வழக்கு இங்கே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வரும் என்று 2022-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புகார் எண் கிடைத்ததும் எனக்கும் எழுதுங்கள், மனு எழுத நான் உதவுகிறேன்.