மலைமேல் எம்.எம்.ஏ. (அடி, உதை, மல்யுத்தம் கலந்த சண்டை விளையாட்டு): வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு 19 வயது. கபடி ஆடுவேன், கிக்பாக்ஸிங் தெரியும். எம்.எம்.ஏ.வை நம்பிப் பிழைக்க முடியுமா? – வாசகர், கோத்தகிரி

முதல் சில வருடங்களுக்கு அதை மட்டும் நம்ப முடியாது. ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இரண்டு தொகை எழுதியிருக்கும். சண்டை நடக்கும் கம்பிவலைக் கூண்டில் இறங்கினாலே கிடைப்பது ஒன்று, ஜெயித்தால் மட்டும் கிடைப்பது இன்னொன்று. அதிலிருந்துதான் பயிற்சியாளர் பங்கும், மேனேஜர் பங்கும், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் செலவும் போகவேண்டும். பகல் வேலையை விட்டுவிடாதீர்கள்.

கபடியில் பழகிய கால்பிடி கைகொடுக்கும். ஆனால் இங்கே எதிராளியை விழவைத்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. கபடிப் பழக்கத்தில் தலையைத் தாழ்த்திக் காலுக்குப் பாய்ந்தால் கழுத்து அவர் கக்கத்தில் சிக்கி, கழுத்தை நெரிக்கும் கில்லட்டின் பிடியில் முடிந்துவிடும். தலை நிமிர்ந்து, நெற்றி அவர் விலாவை ஒட்டி இருக்கவேண்டும். மல்யுத்தத்துக்கும், தரையில் பிடிபோடும் ஜியு-ஜிட்சுவுக்கும் குறைந்தது ஒரு வருடம் கொடுங்கள்.

பிறகு அமெச்சூர் போட்டிகள். ஐ.எம்.எம்.ஏ.எஃப். என்ற சர்வதேச அமெச்சூர் கூட்டமைப்பின் விதிப்படி 3 நிமிடச் சுற்றுகள் மூன்று. முழங்கை அடி கிடையாது, காலுக்குக் காப்பு உண்டு. தொழில்முறையில் சுற்றுக்கு 5 நிமிடம், 4 அவுன்ஸ் கையுறை, முழங்கை அடியும் உண்டு. அமெச்சூர் தோல்வி தொழில்முறைக் கணக்கில் சேராது. அதனால் ஐந்தாறு போட்டியாவது ஆடாமல் கையெழுத்துப் போடாதீர்கள். யார் அவசரப்படுத்தினாலும் சரி. உஷூ என்ற சீனச் சண்டை விளையாட்டிலிருந்து வந்த பூஜா தோமர் 2024-இல், அமெரிக்காவின் பெரிய எம்.எம்.ஏ. போட்டி நிறுவனமான யு.எஃப்.சி.யில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் ஆனார். அதற்கு முன் பல வருடம் இந்தியக் கூண்டுகளில் ஆடியவர் அவர்.

கேள்வி: பிறந்து வளர்ந்தது ஊட்டி. சென்னையில் போட்டி வந்தால் எனக்கு மூச்சு கூடுதலாக நிற்குமா? – வாசகர், உதகமண்டலம்

ஓரளவு நிற்கும். ஆனால் மலையில் இருப்பதே பயிற்சி ஆகிவிடாது. ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். மெக்சிகோ சிட்டியின் உயரமும் ஏறத்தாழ அதேதான். 2015-இல் அங்கே நடந்த யு.எஃப்.சி. 188-இல், தளராத மூச்சுக்குப் பேர்போன கெய்ன் வெலாஸ்கெஸ் மூன்றாம் சுற்றில் ஃபாப்ரிசியோ வெர்டூமிடம் தோற்றார். வெர்டூம் பல வாரம் முன்பே உயரத்தில் தங்கிப் பழகியவர்.

ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுதான். உடல் அதற்கு ஈடாகச் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்கிறது, அது லாபம். ஆனால் அதே குறைந்த ஆக்ஸிஜனால் கடும் சுற்றுகளில் உங்கள் வேகமும் குறையும். தினமும் மெதுவாக அடித்துப் பழகினால் போட்டியிலும் கை மெதுவாகத்தான் வரும். மேலே தூங்கி, வாரம் இரண்டு நாள் மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ இறங்கி முழு வேக ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்வதே சரியான வழி. இறங்க வழியில்லையென்றால், 5 நிமிடச் சுற்றை இரண்டாக உடைத்து, நடுவே 2 நிமிடம் ஓய்வு கொடுங்கள். வேகம் விழக்கூடாது என்பதுதான் முக்கியம்.

தொட்டபெட்டா சாலையில் ஓடுபவர்கள் மேலே ஓடிவிட்டு, இறங்க வண்டி பிடியுங்கள். இறக்கத்தில் ஓடினால் தொடை இரண்டு நாள் இறுகிவிடும். எதிராளி நம்மைத் தரையில் விழவைக்கும் டேக்டவுனைத் தடுக்கக் கால்களைப் பின்னால் வீசும்போது அரை நொடி தாமதமாகும். ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச்சத்துச் சேமிப்பு) அளவையும் பாருங்கள். இரும்புச்சத்து குறைந்த உடம்புக்கு மலையால் எந்தப் பயனும் இல்லை.

மலைப் பிள்ளைகள் சென்னையில் தோற்பது மூச்சினால் அல்ல, புழுக்கத்தால். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். முந்தின நாள் நீலகிரி எக்ஸ்பிரஸில் போய் இறங்கினால் இரண்டாம் சுற்றிலேயே கால் கனக்கும். இரண்டு வாரம் முன்பே போய்விடுங்கள். முதல் நான்கு நாள் பாதிப் பயிற்சி போதும்.

கேள்வி: மகன் 76 கிலோ. 70 கிலோ பிரிவில் ஆட, பட்டினி கிடந்து, மழைக்கோட்டுப் போட்டு ஓடுகிறான். பயமாக இருக்கிறது. – ஒரு தாய், குன்னூர்

உங்கள் பயம் நியாயமானது, அம்மா. 2015-இல் யாங் ஜியான் பிங் என்ற 21 வயது சீன வீரர் எடை குறைக்கப் போய் உயிரையே இழந்தார். அதன்பிறகுதான் ‘ஒன் சாம்பியன்ஷிப்’ என்ற ஆசியப் போட்டி நிறுவனம், வீரர்களின் உடல் வறண்டிருக்கிறதா என்று சோதிக்கத் தொடங்கியது. மழைக்கோட்டு ஓட்டத்தில் போவது கொழுப்பல்ல, தண்ணீர். வறண்ட உடம்போடு தலையில் அடி வாங்குவது ஆபத்து.

70.3 கிலோ எல்லைக்கு வரவேண்டுமானால் 8 வாரம் எடுத்து, வாரம் அரை கிலோ வீதம் 72-க்கு இறக்கட்டும். ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கி, முட்டையும் கொள்ளும் கூட்டினால் போதும். மிச்சத்தைக் கடைசி வாரத்தில் உப்பும் மாவுச்சத்தும் குறைத்து இறக்கலாம். சிறுநீர் மாத்திரை கூடவே கூடாது. தனியாக வெந்நீரில் உட்காரவும் விடாதீர்கள். குளிரில் தாகம் தெரியாது என்பதால் மலைப் பிள்ளைகள் ஏற்கெனவே தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்கள். எடை பார்த்ததும் இழந்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு நீர் உள்ளே போகவேண்டும்: ஒரு லிட்டருக்கு ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கரைத்து, கால்மணிக்கு ஒரு டம்ளர். பிறகு கஞ்சி, அதன்பிறகே சோறு. இப்படியும் எடை இறங்காவிட்டால் 77 கிலோ பிரிவில் ஆடட்டும்.

கேள்வி: மழைக்காலத்தில் ஜிம்மில் எல்லோருக்கும் படர்தாமரை. என்ன செய்வது? – பயிற்சியாளர், கூடலூர்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மி.லி. பிளீச் திரவம் கலந்து தரை விரிப்பை (மேட்) துடைத்து, 10 நிமிடம் ஈரமாகவே விடுங்கள். கையுறைக்குள் செய்தித்தாளைத் திணித்து, வாயை விரித்து ஃபேனுக்கு எதிரே வையுங்கள். பையில் மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும். தோல் மருத்துவர் தரும் மருந்து போட ஆரம்பித்து 72 மணி நேரமாவது ஆகாமல் யாரையும் விரிப்பில் ஏற்றாதீர்கள். தலையில் வந்திருந்தால் 14 நாள்.