சீட் பெல்ட் வைக்கச் சொல்வது ஒருவர், போடச் சொல்வது இன்னொருவர்

கேள்வி: டெக்சாஸில் 2025 ஜனவரி முதல் சொந்தக் காருக்கு வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனையை எடுத்துவிட்டார்கள். ஃபெடரல் அரசு (அமெரிக்க மத்திய அரசு) இதைத் தடுக்க முடியாதா?
– டல்லாஸ் வாசகர்

பதில்: இன்றைய சட்டப்படி அது மாநிலத்தின் முடிவு. (உங்கள் ஊரில் புகைச் சோதனை மட்டும் தொடர்கிறது.) என்னைக் கேட்டால், தேய்ந்த டயரை வருடத்துக்கு ஒரு முறையாவது யாராவது பார்ப்பது நல்லது. எடுத்திருக்கக் கூடாது.

உங்கள் காரில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். தயாரித்த நாளில் அமலில் இருந்த ஃபெடரல் பாதுகாப்புத் தரங்களின்படி இந்த வண்டி இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். சொல்வது கம்பெனிதான், அரசு முன்கூட்டியே சோதித்து ஒப்புதல் தருவதில்லை. 1966-ல் வந்த சட்டம் அப்படி. பிரேக், ஹெட்லைட், கண்ணாடி என எதற்கு ஃபெடரல் தரம் இருக்கிறதோ, அதே விஷயத்தில் மாநிலம் வேறு தரம் வைக்க முடியாது. வண்டி ரோட்டுக்கு வந்த பிறகு லைசென்ஸ், பதிவு, வேகம், சோதனை எல்லாம் மாநிலத்தின் கையில். புதுக் காரில் சீட் பெல்ட் இருக்க வேண்டும் என்றது ஃபெடரல் விதி, 1968-ல். அதைப் போட்டே ஆக வேண்டும் என்று முதலில் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நியூயார்க், 1984-ல். நியூ ஹாம்ப்ஷயரில் பெரியவர்களுக்கு இன்றும் அந்தச் சட்டம் இல்லை.

சிக்கல் கோர்ட்டில்தான். தரத்துக்கு உட்பட்டு வண்டி செய்ததால் மட்டும் கம்பெனி நஷ்ட ஈட்டுப் பொறுப்பிலிருந்து தப்பிவிடாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனாலும் 1987 ஹோண்டா அக்கார்டில் ஏர்பேக் இல்லாததற்காகப் போட்ட வழக்கை 2000-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று தள்ளியது. எந்தப் பாதுகாப்புச் சாதனம் என்பதைக் கம்பெனி தேர்வு செய்யட்டும் என்பதே அன்றைய விதியின் நோக்கம், மாநில வழக்கு அதைக் குலைக்கும் என்றது. 2011-ல் மாஸ்டா வேன் வழக்கு வந்தது. இடுப்பு பெல்ட் மட்டுமே வைத்திருந்த பின்சீட்டில் உட்கார்ந்திருந்த பெண் விபத்தில் இறந்துபோனார். இடுப்பு பெல்ட் மட்டுமா, தோள் பெல்ட்டும் சேர்த்தா என்று அங்கேயும் விதி கம்பெனிக்குத் தேர்வு கொடுத்திருந்தது. ஆனால் அந்தத் தேர்வு விதியின் முக்கிய நோக்கம் அல்ல என்று வழக்கை விசாரித்த எட்டு நீதிபதிகளும் அதை அனுமதித்தார்கள். எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. ஃபெடரல் தரம் என்பது குறைந்தபட்சம்தான். அதுவே போதும் என்று எந்தக் குடும்பத்தையும் வாசலிலேயே திருப்பி அனுப்பக் கூடாது.

டெக்சாஸில் இன்னொன்றும் உண்டு. ஃபெடரல் தரப்படி செய்திருந்தால் கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை என்றுதான் அங்கே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். அந்தத் தரமே போதாது என்றோ, கம்பெனி அரசிடம் தகவலை மறைத்தது என்றோ நீங்கள் நிரூபித்தால் அது உடையும். நிரூபிக்க வண்டியே ஆதாரம், அதனால் விபத்து நடந்தால் அதை உடனே ஸ்கிராப்புக்குத் தள்ளிவிடாதீர்கள். முதலில் வக்கீலைப் பாருங்கள்.