பெட்ரா: போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம்

கேள்வி: அக்டோபர் கடைசியில் அம்மாவுடன் ஜோர்டான் போகிறேன். அம்மாவுக்கு 64 வயது, மூட்டு வலி உண்டு. தலைநகர் அம்மானிலிருந்து காலையில் கிளம்பி பெட்ராவைப் பார்த்துவிட்டு இரவே திரும்ப முடியுமா? மேலே இருக்கும் மடாலயம் வரை அம்மாவால் ஏற முடியுமா?

பதில்: அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஒரே நாளில் திரும்பும் திட்டம் மட்டும் வேண்டாம். அம்மானிலிருந்து பெட்ராவுக்குக் காரில் சுமார் 3 மணி நேரம். போக வர அரை நாள் சாலையிலேயே கழிந்துவிடும். பெட்ராவை ஒட்டிய வாதி மூசாவில் இரண்டு இரவு தங்குங்கள். ஒருநாள் நுழைவுச்சீட்டு 50 தினார், இரண்டு நாளுக்கு 55தான். ஊரிலிருந்தே ‘ஜோர்டான் பாஸ்’ எனும் சுற்றுலாத் தொகுப்புச் சீட்டை வாங்கிக்கொண்டு, நாட்டில் குறைந்தது 3 இரவு தங்கினால் விசா கட்டணமும் மிச்சம். கட்டணங்களைக் கிளம்பும்முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரா ஒரு கட்டடம் இல்லை. நறுமணப் பொருள் வணிகத்தில் செழித்த நபாத்தியர்கள் 2,000 ஆண்டுகளுக்கு முன் மணற்பாறையைக் குடைந்து எழுப்பிய ஒரு நகரம். நுழைவாயிலிலிருந்து பாதை மெல்ல இறங்கிக்கொண்டே போகும். களைப்பே தெரியாது. வெயிலேறிய பிறகு அதே தூரத்தை ஏறித் திரும்பும்போதுதான் முழங்கால் பேசும். அதனால் உள்ளே போகும் தூரத்தை அம்மாவின் திரும்பும் பலத்தை வைத்துக் கணக்கிடுங்கள்.

காலை 6 மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். ‘சீக்’ எனப்படும் மலையிடுக்கு சுமார் 1.2 கிலோமீட்டர். இதை அம்மா நடந்தே பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. நிழலான வழி, அண்ணாந்தால் வானம் ஒரு கீற்றுதான். இருபுறச் சுவரிலும் நபாத்தியர் வெட்டிய நீர்க்கால்வாய் கூடவே வரும். ஓரிடத்தில் ஒட்டகக் கூட்டத்தை நடத்திச் செல்லும் ஆட்களின் சிற்பம் இருக்கிறது. மேல்பகுதி முழுக்கத் தேய்ந்து, மனிதரின் பாதமும் அங்கி விளிம்பும் ஒட்டகக் கால்களும் மட்டும் மிச்சம். அந்தக் கால்களுக்குப் பின்னாலும் கால்வாய் ஓடுவதைக் கவனியுங்கள். அவசரமாக நடப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

சீக் முடியும் இடத்தில் ‘கருவூலம்’, சுமார் 40 மீட்டர் உயரம். பெயர்தான் அப்படி, உண்மையில் கல்லறை என்றே கருதப்படுகிறது. அங்கே நன்றாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, பாறையில் குடைந்த அரங்கம் வரை போங்கள். அம்மாவுக்கு அதுதான் எல்லை. திரும்பும்போது கருவூலத்திலிருந்து மின்வண்டி உண்டு, தனிக்கட்டணம். அதைக் காலையிலேயே வரவேற்பு மையத்தில் பேசி உறுதிசெய்யுங்கள். அங்கேயே கழிப்பறைக்கும் போய்விடுங்கள், சீக்கில் வசதி கிடையாது.

சரி, மடாலயம்? 800க்கு மேற்பட்ட படிகள். மூட்டு வலிக்கு ஏறுவதைவிட இறங்குவது கொடுமை. கழுதையில் ஏற்றிவிடுகிறோம் என்று வழியெல்லாம் கேட்பார்கள், வேண்டாம். படிகள் தேய்ந்து வழுக்கும், சில இடங்களில் ஓரம் அப்படியே சரிவு. அந்த விலங்குகளின் பாடும் பரிதாபம். இரண்டாம் நாள் நீங்கள் மட்டும் ஏறுங்கள். மடாலயம் மேற்கு பார்த்தது, பிற்பகல் வெயிலில்தான் அதன் நிறம் எழும். மூடும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு ஏறுங்கள்.

கடைசியாக மழை. பாலைவனம்தானே என்று இருந்துவிடாதீர்கள், உங்கள் பயணத்தின்போது மழைக்காலம் தொடங்கியிருக்கும். மலைமேல் எங்கோ பெய்த மழையும் சீக்கில் வெள்ளமாக இறங்கும். 1963இல் அப்படி வந்த வெள்ளத்தில் பிரெஞ்சுப் பயணிகள் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2018 நவம்பரில் ஆயிரக்கணக்கானோரை வெளியேற்ற வேண்டியிருந்தது. வெள்ளத்தைத் திருப்பிவிட நபாத்தியரே சீக்கின் வாயிலில் அணையும் சுரங்கமும் அமைத்தவர்கள். நீங்கள் போகும் அன்று காலை வழி மூடியிருந்தால் வாதாடாமல் விடுதிக்குத் திரும்பிவிடுங்கள். இரண்டு நாள் சீட்டு அப்போதும் கைகொடுக்கும்.