மூன்று இரவுகள் தங்கிய பிறகு ஹோட்டல் மீது வழக்கு

கேள்வி (சுருக்கம்): பல ஊர்களில் கிளைகள் உள்ள ஒரு ஹோட்டலின் கொடைக்கானல் கிளையில் மூன்று இரவுகளுக்கு 27,000 ரூபாய் கட்டிக் குடும்பத்துடன் தங்கினோம். சுவரெல்லாம் பூஞ்சை, வெந்நீர் வரவே இல்லை, மேலாளர் அவமதித்தார். இப்போது 9,000 ரூபாய் திருப்பித் தருவதாக மின்னஞ்சல் வந்துள்ளது. 5 லட்சம் தராவிட்டால் வீடியோவை வெளியிடுவேன் என்று பதில் எழுத நினைக்கிறேன். வழக்கு நிற்குமா? – மதுரை வாசகர்

பதில்: மேலாளரின் பேச்சையும் உங்கள் தாயார் குளிரில் பட்ட பாட்டையும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள், வழக்கை அவை தீர்மானிக்கப்போவதில்லை. ஹோட்டல் எதை உறுதியளித்தது, அதில் எது கிடைக்கவில்லை, அதைத் தங்கியிருந்தபோதே எழுத்தில் தெரிவித்தீர்களா என்பதையே நுகர்வோர் ஆணையம் பார்க்கும். ‘24 மணி நேரமும் வெந்நீர்’ என்ற முன்பதிவுப் பக்கத்தின் படமும், இரண்டாம் நாள் நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் புகாரும் இருப்பதால் வெந்நீர் விஷயத்தில் நீங்கள் வலுவாக இருக்கிறீர்கள். பூஞ்சையைப் பற்றி வாய்மொழியாகத்தான் சொன்னீர்கள். மூன்று இரவுகளும் அதே அறையில் தங்கியதை எதிர்த்தரப்பு நிச்சயம் சுட்டிக்காட்டும். (வெளியேறும்போது கையொப்பமிட்ட கருத்துப் படிவத்தில் என்ன குறித்தீர்கள் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.)

எனக்குக் கவலை தருவது அந்த மின்னஞ்சல்தான். நீங்கள் இணைத்துள்ள நகலின் கடைசி வரியில், இத்தொகை ‘முழுமையான, இறுதித் தீர்வாக’ வழங்கப்படுவதாக இருக்கிறது. என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் பலர் இத்தகைய கடிதத்துக்கு ‘நன்றி’ என்று பதில் எழுதி, வங்கிக் கணக்கு எண்ணையும் கொடுத்து, பணம் வந்த பிறகு மீதிக்கு வழக்குப் போட வருகிறார்கள். அப்போது தகராறு தீர்ந்துவிட்டது என்பதே ஹோட்டலின் முதல் வாதமாக இருக்கும். வற்புறுத்தலால் ஒப்புக்கொண்டேன் என்பதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். வீட்டில் அமர்ந்து நிதானமாகப் பதில் எழுதியவர் அதை எப்படி நிரூபிப்பார்? பதிலே எழுதாமல், கார்டுக்குத் திரும்பிய பணத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மௌனமாக இருப்பதும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். ஆகவே பணம் தானாக வந்து சேர்ந்தால், ஆட்சேபணையுடன் பகுதித் தொகையாக மட்டுமே ஏற்பதாக அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

வீடியோ மிரட்டலை எந்த வடிவிலும் எழுதாதீர்கள். பணம் தராவிட்டால் அவதூறை வெளியிடுவேன் என்று மிரட்டுவதை, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆவது பிரிவு மிரட்டிப் பணம் பறித்தலுக்கு முதல் உதாரணமாகவே தருகிறது. காட்சி உண்மையானது என்று பிறகு வாதிடலாம்தான். ஆனால் அந்த வாதத்தை நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராக நின்று வைக்க நேரிடும்.

5 லட்சத்தை மறந்துவிடுங்கள். கேட்பதற்குத் தடையில்லை, கிடைக்காது. மூன்று நாள் வாடகை 27,000 ரூபாயாக இருக்கும்போது மன உளைச்சலுக்கான இழப்பீடும் அதையொட்டியே அமையும். இரண்டு இரவுகளின் வாடகையான 18,000 ரூபாயைப் பணமாகக் கேளுங்கள், அடுத்த முறைக்கான கூப்பன் வேண்டாம். 15,000 ரூபாய்க்கு இறங்கி வந்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். மறுத்தால், இரண்டாண்டுக் காலவரம்புக்குள் மதுரை மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். அப்போது பெயர்ப்பலகையில் உள்ள நிறுவனத்தை மட்டுமல்லாமல், ஜிஎஸ்டி ரசீதில் யார் பெயர் இருக்கிறதோ அவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். இத்தகைய கிளைகள் பலவற்றில் கட்டடமும் நிர்வாகமும் வேறொருவருடையவை.