ஆற்றோர வீடும் ஆறு மாதக் கடனும்

கேள்வி (சுருக்கமாக): நானும் கணவரும் சிங்கப்பூரர்கள். எனக்கு 43 வயது, அவருக்கு 44. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். 2022 தொடக்கத்தில் செங்காங்கில் இருந்த அரசு அடுக்குமாடி (வீவக) வீட்டை விற்றுவிட்டு, ராபர்ட்சன் கீயில் சிங்கப்பூர் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் இரண்டு படுக்கையறை கொண்டோவை 1.6 மில்லியன் வெள்ளிக்கு வாங்கினோம். வங்கிக் கடன் 1.2 மில்லியன், 25 ஆண்டு. முன்பணத்தில் 260,000 வெள்ளி மத்திய சேமநிதியிலிருந்து (மசேநி) வந்தது. 4,700ஆக இருந்த தவணை 2024இல் 5,600 ஆகிவிட்டது. அன்று முதல் மாதாமாதம் 900 வெள்ளி குறைகிறது. கடன்பற்று அட்டையில் சமாளிக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டியில்லா பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் எடுத்து வேறு வங்கிக்கு மாற்றிவிடுவோம். இப்போது அது 46,000 வெள்ளி. வீடு இன்று 1.9 மில்லியன் போகும், அதை ஈடாக வைத்து ஈக்விட்டி லோனாக 200,000 எடுக்கலாம் என்கிறார் எங்கள் சொத்து முகவர். அட்டைக் கடனை அடைத்துவிட்டு மீதியை என் கொழுந்தனாருக்குக் கொடுக்கலாமா? ஆற்றோரமாக வரவிருக்கும் புதுக் கொண்டோ ஒன்றில் 1.8 மில்லியன் வீட்டுக்கு அவர் 90,000 வெள்ளி முன்பதிவுப் பணம் கட்டிவிட்டார். அவர் சம்பளத்துக்குக் கடன் போதவில்லை. என் கணவரை 1 விழுக்காட்டுப் பங்குக்குச் சேர்த்துக்கொண்டால் கடன் கிடைக்கும் என்கிறார்.

பதில்: கெடு நெருங்குவதால் கொழுந்தனார் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் கணவர் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

'99-க்கு-1' என்று முகவர்கள் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு இது. தம்பி முதலில் தன் பெயரில் முழு வீட்டையும் வாங்கி, உடனே 1 விழுக்காட்டை அண்ணனுக்கு விற்பார். ஏற்கெனவே வீடு உள்ள அண்ணன் கட்ட வேண்டிய கூடுதல் முத்திரைத் தீர்வையை அந்த 1 விழுக்காட்டுக்கு மட்டும் கட்டினால் போதும் என்பது கணக்கு. உள்நாட்டு வருவாய் ஆணையம் இதை வரித் தவிர்ப்பு உத்தியாகத்தான் பார்க்கிறது. இப்படி நடந்த கொள்முதல்களைத் தோண்டி எடுத்து, கட்டியிருக்க வேண்டிய தீர்வையையும் அதன்மேல் 50 விழுக்காட்டையும் வசூலிக்கிறது. 2023 ஏப்ரல் 27 முதல் இரண்டாவது வீடு வாங்கும் சிங்கப்பூரருக்குக் கூடுதல் தீர்வை 20 விழுக்காடு. 1.8 மில்லியனுக்கு அது 360,000 வெள்ளி. பாதியை மேலே சேர்த்தால் 540,000. இந்தப் பணம் யாரிடம் இருக்கிறது?

ஏற்பாடு சட்டப்படி சரியாக இருந்திருந்தாலும் கடன் கிடைத்திருக்காது. உங்கள் கணவருக்கு ஏற்கெனவே ஒரு வீட்டுக் கடன் ஓடுகிறது. அவர் கூட்டாகக் கையெழுத்திட்டால் வீட்டு விலையில் வங்கி தரக்கூடிய உச்சவரம்பு 75 விழுக்காட்டிலிருந்து 45 விழுக்காடாக இறங்கிவிடும். மீதி 990,000 வெள்ளியைத் தம்பி கையிலிருந்து புரட்ட வேண்டும். இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. வாங்கும் உரிமையைப் பயன்படுத்தாமல் விட்டால் கட்டிய முன்பதிவுப் பணத்தில் கால் பங்கு, அதாவது 22,500 வெள்ளி போகும். மீதி திரும்பி வரும். விற்பனை ஒப்பந்தம் கைக்கு வந்து மூன்று வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். அண்ணன் செய்யக்கூடிய உதவி, இதை இன்றைக்கே தம்பியிடம் உட்கார்ந்து சொல்வதுதான்.

இனி உங்கள் வீடு. தவணைக் கணக்கும் மசேநி விதிகளும் உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கின்றன. அவற்றைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு இடத்தில் உங்கள் கணக்கு இடிக்கிறது.

மாதம் 900 குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுக்கு அது 21,600. நான்கு முறை கடனை மாற்றியதற்கு வங்கிகள் பிடித்த கட்டணம், தோராயமாக முறைக்கு 2 விழுக்காடு என்று வைத்தால், இரண்டாயிரத்தைத் தாண்டாது. ஆகக் கடன் 24,000க்குள் இருந்திருக்க வேண்டும். இருப்பதோ 46,000. அப்படியென்றால் உங்களுக்குக் குறைவது மாதம் 900 அல்ல, 1,900. நடுவில் உள்ள ஆயிரம் வெள்ளி உங்கள் இருவர் கண்ணிலும் படவே இல்லை.

ஏன் படவில்லை? பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் படவிடவில்லை. இந்தப் பழக்கம்தான் உங்களைக் கெடுக்கிறது. வீட்டு விலையோ வட்டி விகிதமோ கொழுந்தனாரோ அல்ல. 'வட்டி இல்லை' என்ற சொல்லை நம்பி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடனை இன்னொரு வங்கிக்கு நகர்த்துகிறீர்கள். நகர்த்தும் ஒவ்வொரு தடவையும் பழைய அட்டை காலியாகிறது. காலியான அட்டை கையில் இருந்தால் செலவுக்குத் தடை ஏது? வட்டி கட்டியிருந்தால் முதல் மூன்று மாதத்திலேயே வலித்திருக்கும், நீங்களும் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு முறை அடுத்த வங்கி மறுத்துவிட்டால், அட்டை வட்டி ஆண்டுக்கு 26, 27 விழுக்காடு. 46,000க்கு அது வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் வெள்ளி. அதைத் தாங்கும் நிலையில் உங்கள் குடும்பம் இல்லை.

ஈக்விட்டி லோன் இதே பழக்கத்தின் பெரிய உருவம். ஆறு மாதத்துக்குத் தள்ளியதை இருபது ஆண்டுக்குத் தள்ளுவது. அதிலும் முகவர் சொன்ன 200,000 உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. மதிப்பு 1.9 மில்லியனே என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 75 விழுக்காடு 1.425 மில்லியன். மீதிக் கடன் சுமார் 1.05 மில்லியனைக் கழித்தால் 375,000. இதோடு முகவர் நிறுத்திவிட்டார். வங்கி நிறுத்தாது. வீட்டுக்காக எடுத்த மசேநிப் பணத்தையும் அதற்குச் சேர்ந்த 2.5 விழுக்காட்டு வட்டியையும் கழிக்கும். முன்பணத்துக்கு 260,000, நான்கு ஆண்டுத் தவணைக்கு ஏறக்குறைய 140,000, வட்டி வேறு. எப்படியும் 430,000 வரும். 375,000இல் 430,000ஐக் கழித்தால் எடுக்க ஒன்றும் மிஞ்சாது.

'வீட்டுக்குள் தூங்கும் பணம்' என்று விளம்பரம் செய்து விற்கப்படும் இந்தக் கடன்களைக் கண்டால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. உங்கள் வீட்டில் பணம் தூங்கவில்லை. அது உங்கள் இருவரின் ஓய்வுக்காலப் பணம், சுவரில் பூசப்பட்டிருக்கிறது.

இப்போது அந்த ஆயிரம் வெள்ளிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது: உறவினர் வராத சனிக்கிழமையே இல்லை, எல்லாரும் ஆற்றைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள், கீழே உள்ள உணவகங்களில் சாப்பிட்டால் 200 வெள்ளிக்குக் குறையாது. மாதத்துக்கு 860 வெள்ளி. காணாமல்போன பணத்தில் பெரும்பங்கு அங்கே இருக்கிறது.

உறவினர் வருவதை நான் குறை சொல்லவில்லை. அந்த ஆற்றங்கரை பார்க்க வேண்டிய இடம்தான். 1977இல் லீ குவான் இயூ பத்தாண்டுக் கெடு வைத்துத் தொடங்கிய துப்புரவுக்கு முன், அங்கே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டும். 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. 1987இல் ஆறு தெளிந்தது. 1989இல் போட் கீயின் கடைவீடுகள் பாதுகாக்கப்படும் மரபுக் கட்டடங்களாயின. 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு ஓதம் உள்ளே வருவதில்லை, உப்புநீர் நன்னீரானது. கிடங்குகள் நின்ற ராபர்ட்சன் கீயில் இன்று கண்ணாடிக் கோபுரங்கள். உங்கள் மாமியார் வந்தால் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு நடந்தே போய்வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் சாப்பாடு வீட்டில் இருக்கட்டும். சமைத்துப் போட்டு, பிறகு எல்லாருமாகக் கீழே நடந்துவிட்டு வாருங்கள். கரையில் நடக்கக் காசு கேட்பதில்லை.

அடுத்து, உங்கள் வீட்டுக் கடனுக்கு இரண்டாம் முறை எடுத்த, வட்டி மாறாத காலம் முடிந்துவிட்டது. அப்படியே விட்டிருக்கிறீர்கள். 2025இல் வட்டி நன்றாகவே இறங்கி, வட்டி மாறாத திட்டங்கள் 2 விழுக்காட்டுக்கும் கீழே வந்தன. 1.05 மில்லியனை 21 ஆண்டுக்கு 1.9 விழுக்காட்டில் போட்டால் தவணை சுமார் 5,050. மாதம் 550 மிச்சம். முதலில் உங்கள் வங்கியிடமே கேளுங்கள். அவர்கள் அசையவில்லை என்றால் வேறு வங்கிக்கு மாற்றுங்கள். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு இப்படி மாற்றும்போது வருமானத்தில் எவ்வளவு கடன்களுக்குப் போகலாம் என்ற வரம்பு (மொத்தக் கடன் சேவை விகிதம்) தடையாக நிற்காது. வழக்கறிஞர் செலவில் வங்கி எவ்வளவு ஏற்கும், எத்தனை ஆண்டுக்குள் வெளியேறினால் அதைத் திருப்பிக் கேட்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

1,900இல் 550ஐயும் 860ஐயும் கழித்தால் இன்னும் 490 குறைகிறது. இதற்குக் கார். எல்லாம் சேர்த்து மாதம் 1,700 என்கிறீர்கள். நீங்கள் வேலை செய்வது அவுட்ரமில். ஹேவ்லாக் எம்ஆர்டியிலிருந்து ஒரே நிலையம். கணவருக்கு புவன விஸ்தா. பேருந்து, ரயில், அவ்வப்போது டாக்சி என்று 300 ஒதுக்கினாலும் 1,400 கைக்கு வரும். துண்டு விழும் 490 போக 910 மிஞ்சும்.

அந்த 910தான் 46,000ஐ அடைக்கப்போகும் பணம். ஐந்து ஆண்டுத் தனிநபர் கடனாக மாற்றினால், வட்டியோடு மாதம் 900 சுற்றி வரும். வட்டி கட்ட வேண்டுமே என்று தயங்காதீர்கள். முடியும் தேதி அச்சடித்த கடன் இது. காலியாகும் அட்டைகளை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ரத்து செய்துவிடுங்கள். வைத்துக்கொள்ளும் அட்டையின் வரம்பையும் 3,000க்குக் குறைக்கச் சொல்லுங்கள். கார் விற்று, அதன் கடன் போக ஏதாவது மிஞ்சினால், அதுவும் இந்தக் கடனுக்கே.

இடைவெளி மிகச் சிறியது என்பது எனக்குத் தெரிகிறது. அதனால் வரப்போகும் இரண்டு செலவுகளையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கணவர் 45ஐத் தாண்டியதும் வீட்டுத் தவணைக்கு உதவும் மசேநி சாதாரணக் கணக்குக்குச் சம்பளத்திலிருந்து போகும் பங்கு 21 விழுக்காட்டிலிருந்து 19 ஆகும். அவருக்கு மாதம் 145 வெள்ளி குறையும். பின்னாலேயே உங்களுக்கும் அப்படித்தான். தவணையில் அந்தப் பங்கை ரொக்கமாகக் கட்ட வேண்டியிருக்கும்.

மற்றொன்று கட்டடம். 2000களின் இறுதியில் எழுந்தது என்கிறீர்கள். உயரமான கட்டடங்களுக்கு 20 வயது தாண்டினால் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை வெளிச்சுவர்ப் பரிசோதனை கட்டாயம். 2022 முதல் இந்த விதி இருக்கிறது. வளைந்த கண்ணாடி முகப்பும் மாடித் தோட்டமும் விற்பனைப் படத்தில் அழகு. தொங்குமேடை கட்டி அந்தக் கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பதற்கும் பழுது மாற்றுவதற்கும் ஆகும் செலவு அங்கே குடியிருப்பவர் தலையில்தான் விழும். பெரிய பழுதுகளுக்கென்று ஒதுக்கியிருக்கும் நிதி போதவில்லை என்றால், வீட்டுக்கு இவ்வளவு என்று தனியாக வசூலிப்பார்கள். கடைசி மூன்று ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்புகளை நிர்வாக அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அந்த நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். கணவரோ நீங்களோ அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள்.

இவ்வளவும் செய்து ஓராண்டு கழித்தும் அட்டையில் மீதி நிற்கிறது என்றால், எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது விற்பது பற்றிப் பேசுவோம். 2022இல் வாங்கிய வீடு என்பதால் வாங்கிய சில ஆண்டுக்குள் விற்றால் விழும் விற்போர் தீர்வை இப்போது உங்களுக்குக் கிடையாது. விற்க அவசரமும் கிடையாது.