45 வயதில் தொழில் வகுப்புக்குப் போவது நேர விரயமா?

கேட்டவரின் நிலைமை இது: அவருடைய ஊரில் பிரதேச செயலகமும் ஒரு தொழிற்பயிற்சி நிலையமும் ஒரு தொண்டு நிறுவனமும் சேர்ந்து, வயது வந்தவர்களுக்குச் சனி, ஞாயிறு வகுப்பு தொடங்குகின்றன. அவருக்கு 45 வயது. போனால் பிரயோசனம் உண்டா, இல்லை படம் எடுக்கத்தான் கூப்பிடுகிறார்களா என்று கேட்கிறார்.

படம் எடுக்கவும்தான் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் போங்கள்.

என்ன தொழில் என்று நீங்கள் எழுதவில்லை. தையலோ வயரிங்கோ, கையில் தொழில் இருக்கிறது, கடுதாசி இல்லை என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஏனென்றால் நான் அப்படித்தான் இருந்தேன்.

நான் மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம், அதாவது வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. மேசன். ஒன்பதாம் வகுப்போடு நின்று, மாமாவுக்குப் பின்னால் சாந்து சுமந்து தொழில் பழகியவன். என் 46-வது வயதில், நீங்கள் சொல்வது மாதிரி ஒரு வகுப்புக்குப் போய் என்.வி.கியூ என்கிற தேசிய தொழிற் தகைமையில் மூன்றாம் மட்டம் எடுத்தேன். போவதற்கு முன் என் மனைவியின் தம்பி, அவரும் மேசன்தான், "பேரப்பிள்ளை காணுற வயசில புத்தகப் பையோட போகப்போறீங்களோ அத்தான்?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளம்.

என் முதல் சான்றிதழ் வேறு. சுனாமிக்குப் பிறகு, 2005-ல், வாவிக்குக் கிழக்கே கடலோரமாக இருக்கும் எழுவான்கரையில் பார்க்கும் இடமெல்லாம் அத்திவாரம். கட்டுவதற்கு ஆள் போதாது. ஒரு நிறுவனம் எங்களுக்குப் பத்து நாள் பயிற்சி தந்தது. சோறு, பஸ் காசு, ஒரு மேசன் கரண்டி, ஒரு தூக்குக்குண்டு, கடைசி நாள் வழுவழுப்பான தாளில் சான்றிதழ். அம்மா அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்.

2012-ல் கட்டாருக்குப் போகும்போது அந்தக் கண்ணாடியைக் கழற்றித் தாளை எடுத்துக்கொண்டு போனேன். சைற்றில் இருந்த பொறுப்பாளர் முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். எந்த மட்டம், எங்கே பதிவு, ஒரு இலக்கமும் இல்லை. என்னை உதவியாளாகப் போட்டார்கள். பக்கத்தில் நின்ற வேறு நாட்டுப் பையன் நான் வைக்கும் கல்லில் பாதிகூட வைக்கமாட்டான். அவனுக்கு மேசன் சம்பளம், ஏனென்றால் அவனிடம் அவன் நாட்டுச் சான்றிதழ் இருந்தது. மூன்று வருடம் நான் கலவை குழைத்துக் கொடுக்க அவன் கட்டினான். நல்ல பையன், அவனில் கோபமில்லை. ஆனால் அவன் கட்டிய மூலையைப் பார்க்கும்போதெல்லாம் கை துறுதுறுக்கும்.

சரி, வகுப்புக்கு வருவோம். 2022-ல் சீமெந்து மூட்டை 3000 ரூபாய் வரை போனபோது ஊரில் வீட்டு வேலை அப்படியே நின்றது. அடுத்த வருடம்தான் இந்த வகுப்பு பற்றி ஜி.எஸ், அதாவது கிராம சேவகர், சொன்னார். ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறை ஒன்று இருக்கிறது, ஆர்.பி.எல் என்பார்கள். சாதாரண தரப் பரீட்சை சித்தியடைந்திருக்கத் தேவையில்லை. செய்த வேலைகளின் படம், வேலை கொடுத்தவர்களின் கடிதம் எல்லாம் கோப்பாக்கிக் கொடுக்க வேண்டும். பிறகு மதிப்பீட்டாளர் வந்து வேலையைப் பார்த்துக் கேள்வி கேட்பார். அதற்கு எங்களைத் தயார்படுத்தும் வகுப்பு.

தொடக்க நாளில் பதாகையில் ஆறு இலச்சினை எண்ணினேன். ஒன்பது மணிக்கு என்றார்கள், பிரதம விருந்தினர் பன்னிரண்டுக்கு வந்தார். ஆறு இலச்சினைக்கும் ஆறு உரை. அடுத்த சனிக்கிழமை போனால் போதனாசிரியர் இல்லை. அவருடைய பயணக் காசைத் தொண்டு நிறுவனம் கொடுக்கும் என்று பயிற்சி நிலையத்தாரும், பயிற்சி நிலையம் கொடுக்கும் என்று தொண்டு நிறுவனத்தாரும் இருந்திருக்கிறார்கள். மூன்று சனிக்கிழமை கோயில் மண்டபத்து வாசலில் குந்தியிருந்து வெற்றிலை போட்டுவிட்டு வந்தோம். 24 பேரில் ஒன்பது பேர் அத்தோடு நின்றுவிட்டார்கள்.

அரசாங்கத்தைத் திட்டுகிறேன், தொண்டு நிறுவனங்களைத் திட்டுகிறேன் என்று கீழே வந்து சண்டை பிடிக்க வேண்டாம். அந்த வகுப்பை மீட்டதும் ஒரு அரசாங்க உத்தியோகத்தர்தான். டி.எஸ் ஒபிசில், அதாவது பிரதேச செயலகத்தில், திறன் விருத்திக்குப் பொறுப்பாக இருந்த ஒரு தங்கச்சி. கோயிலுக்கு எப்படியும் மதில் கட்ட வேண்டியிருந்தது. அவர் கோயில் நிர்வாகியான வண்ணக்கரைப் பிடித்துப் பேசி, எங்கள் செய்முறைப் பயிற்சியே அந்த மதில் என்று ஆக்கினார். கல்லும் சீமெந்தும் கோயிலுடையது, உழைப்பு எங்களுடையது. போதனாசிரியர் பயிற்சி நிலையத்தின் ஆள், அவருடைய பயணக் காசு தொண்டு நிறுவனத்தின் கணக்கில். யார் என்ன தருவது என்று ஒரு கொப்பித் தாளில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். கூட்டாகச் செய்வது என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது அந்தத் தாளில்தான், பதாகையில் இல்லை. வெள்ளாமை வெட்டுக்குத் தை மாசியில் வகுப்பை நிறுத்தியதும் அவர்தான். இல்லாவிட்டால் பாதிப் பேர் வயலில் நின்றிருப்போம்.

வகுப்பு ஊருக்குள் நடந்ததும் பெரிய விஷயம். மண்முனைப் பாலம் 2014-ல் திறக்கும் வரை, டவுனில் ஒரு வகுப்பு என்றால் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஆறு கடந்து போய், திரும்ப அந்தப் பாதைக்கே காத்து நிற்க வேண்டும். இப்போது பாலம் இருக்கிறது. பின்னேர பஸ்தான் இல்லை.

படித்தது என்ன என்று கேட்பீர்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. கொங்கிறீற்றுக்கு ஏழு நாளாவது ஈரம் பிடிக்க வேண்டும் என்று தெரியும், ஏன் என்று தெரியாது. சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது என்று போதனாசிரியர் சொன்னார். அவசரத்தில் மூன்றாம் நாளே தண்ணீர் விடுவதை நிறுத்திய ஒரு பீம் எனக்கு அன்றிரவு முழுக்க நினைவில் நின்றது. எந்த வீடு என்று சொல்லமாட்டேன். அப்புறம் மூலை மட்டம் பார்க்க மாமா பழக்கிய மூன்றடி, நாலடி, ஐந்தடிக் கணக்கு. அது ஒன்பதாம் வகுப்புக் கேத்திர கணிதமாம். அந்தப் பாடத்துக்குத்தான் நான் வாத்தியாரிடம் அடி வாங்கிப் பள்ளிக்கூடத்தை விட்டது.

நாலாம் மட்டம் கிடைக்கவில்லை. வரைபடத்தைப் பார்த்துக் கல், சீமெந்து எவ்வளவு என்று கணக்கெடுக்கச் சொன்னபோது தடுமாறிவிட்டேன். மதிப்பீட்டாளரைக் குறை சொல்ல மாட்டேன், பிழை என்னுடையதுதான்.

கடுதாசி வந்தவுடன் கூலி கூடியது என்று பொய் சொல்லவும் மாட்டேன். ஊரில் யாரும் சான்றிதழைப் பார்த்துக் கல்லு வைக்கச் சொல்வதில்லை. ஆனால் போன வருடம் ஒரு ஒப்பந்தக்காரர் அரச கட்டட வேலை ஒன்றுக்குச் சான்றிதழ் உள்ளவர்களைக் கேட்டபோது என் பெயர் போனது. நாட்கூலி 500 ரூபாய் கூட.

அந்த வேலையும் இரண்டு கிழமை நின்றது, மண் இல்லாமல். இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் ஆற்று மண் டிப்பர் டிப்பராக வெளி மாவட்டத்துக்குப் போகிறது. ஆற்றங்கரையில் இருக்கிற நாங்கள் அரை லோட் கேட்டால் அனுமதி, போமிற், நாளைக்கு வா. மேசனுக்கு மட்டம் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு மண் கொடுக்கத் தெரியவில்லை.

நீங்கள் சேர்வதற்கு முன் ஒன்று கேளுங்கள்: முடிவில் தருவது என்.வி.கியூ சான்றிதழா, அந்த நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா. பதிவிலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். மொத்தம் ஏழு மட்டம். நாலு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமன். "பங்குபற்றியமைக்கான சான்றிதழ்" என்றால் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வரலாம். போதனாசிரியரின் பயணக் காசு யாருடையது என்றும் கேளுங்கள். சிரிப்பார்கள், கேளுங்கள்.

என் மச்சானும் இப்போது ஆர்.பி.எல்லுக்குப் போகப்போகிறாராம். கோப்புக்குப் படம் எடுத்துத் தரச் சொல்லி நேற்று வந்தார். அவர் கட்டியதில் நேராக நிற்கும் மதில் எது என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.