அல்பட்ரோஸ் பி.2: பார்வையாளர் ஏன் முன்னால் உட்கார்ந்தார்?

முதல் உலகப் போரின் தொடக்கத்தில் ஜெர்மனி பறக்கவிட்ட அல்பட்ரோஸ் பி.2 விமானத்தில் வேவு பார்ப்பவர் (பார்வையாளர்) முன்னாலும் விமானி பின்னாலும் ஏன் உட்கார்ந்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அருமையான கேள்வி, ஏனென்றால் இதன் கதையே அந்த இருக்கைகளில்தான் இருக்கிறது.

1914இல் ஏர்ன்ஸ்ட் ஹைன்கெல் வடிவமைத்த இரட்டை இறக்கை விமானம் இது. சுமார் 100 குதிரைத்திறன் எஞ்சின், மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வேகம். முன் இருக்கை விமானத்தின் எடை மையத்துக்குப் பக்கத்தில் இருந்ததால், அது காலியாக இருந்தாலும் சமநிலை கெடாது. அமைதிக் காலத்துக்குச் சரி. ஆனால் போரில்? பார்வையாளர் குனிந்து பார்த்தால் கீழ் இறக்கை தரையை மறைக்கும். எதிரி விமானம் வந்தால் கையில் இருப்பது கைத்துப்பாக்கியோ சிறு ரைஃபிளோதான். முன்னால் சுழலும் விசிறி, இரு பக்கமும் இறக்கைகள், கம்பிகள். எந்தப் பக்கம் சுடுவது? அந்த மனிதர்களின் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

அப்புறம் 1915இல் வந்த, ஆயுதம் தாங்கிய இரு இருக்கை விமானங்களான சி வகையில் பார்வையாளர் இயந்திரத் துப்பாக்கியோடு பின் இருக்கைக்கு மாறினார். பி.2 பயிற்சி விமானமாகிப் போர் முடியும்வரை பறந்தது.